மாயா மரண தெய்வத்தைக் காமிக்ஸ் நாயகனாக்குவது எப்படி? முதல்முறை வரைபவர்களுக்கு ஒரு செய்முறை

மரண தெய்வத்தைச் சூப்பர் ஹீரோவாக வரையச் சொன்னால் பலருடைய கை தானாகவே கறுப்பு அங்கியையும் நீண்ட அரிவாளையும் வரைந்துவிடும். அது ஐரோப்பிய உருவம். மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளின் பூர்வகுடிகளான மாயா மக்கள் வரைந்த மரண தெய்வம் வேறு மாதிரி: ஊதிய வயிறு, உடலெங்கும் அழுகல் புள்ளிகள், கழுத்தைச் சுற்றிப் பிடுங்கிய கண்கள், கைகால்களில் மணிகள். ஆடவும் செய்வான். இதையெல்லாம் அழகுபடுத்திக் கெடுக்காமல், அவனை அவனாகவே வைத்து நாயகனாக்கப் போகிறோம்.

தேவையானவை: ஏ4 தாள், பென்சில், ரப்பர், கறுப்பு பிரஷ் பேனா, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மூன்று கலர் பென்சில்.

படி 1: மூலப் படங்களைப் பாருங்கள்

பென்சிலைத் தொடும் முன் பழைய படங்களைப் பார்க்க வேண்டும். மாயா மக்கள் மரப்பட்டைத் தாளில் எழுதிய மடிப்பு நூல்களில் நான்குதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலுள்ள மாநில நூலகத்தில் இருக்கும் நூலின் பக்கங்களை இணையத்திலேயே பார்க்கலாம். அடுத்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மண் குவளை. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் மழைத் தெய்வம் சாக் கோடரியோடு நிற்க, மறுபக்கம் மரண தெய்வம் கைகளை நீட்டி ஆட, நடுவில் ஒரு ஜாகுவார் குட்டி கிடக்கும். நான் பார்த்த மாயா ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், மத்திய மெக்சிகோவில் வாழ்ந்த வேறொரு மக்களான ஆஸ்டெக்குகளின் படங்கள் கலந்து வரும். மிக்ட்லான்டெகுட்லி ஆஸ்டெக் மக்களின் மரண தெய்வம். வட்டமான பெரிய சூரியக் கல்லும் ஆஸ்டெக் படைப்பே. இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: எந்தத் தெய்வம் என்று முடிவு செய்யுங்கள்

மாயா மக்களுக்கு ஒரே மரண தெய்வம் இல்லை. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கிசின், யும் கிமில் என்ற பெயர்கள் உண்டு. குவாத்தமாலா மலைநாட்டு கிச்சே மாயா மக்களின் போபோல் வூ என்ற புராண நூலில், பாதாள உலகமான ஷிபால்பாவை ஹுன் கமே, வுகுப் கமே என்ற இருவர் ஆள்கிறார்கள். அவர்களுக்குக் கீழே நோய் பரப்பும் பிரபுக்கள் பலர்.

நான் சொல்லும் வழி: உருவத்துக்குக் கிசின், கதைக்கு ஷிபால்பா. வேறு வேறு வட்டாரத்து மரபுகளைக் கலக்கிறோம் என்பதை காமிக்ஸின் முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 3: உடலை வரையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. வழக்கமான சூப்பர் ஹீரோவின் உயரம் எட்டுத் தலை அளவு இருக்கும். நம் ஆளுக்கு ஆறு போதும். மாயா ஓவியங்களில் தலை பெரிதாகத்தான் இருக்கும். அந்தக் கனம் நமக்கு வேண்டும்.

தலை மண்டை ஓடு, மூக்கு கிடையாது, தாடை முன்னால் துருத்தி நிற்கும். விலா எலும்பும் முதுகெலும்பும் வெளியே தெரியட்டும். ஆனால் வயிறு ஊதியிருக்க வேண்டும், கைகால்களில் கொஞ்சம் சதை இருக்க வேண்டும். சுத்தமான எலும்புக்கூடாக வரைந்தால் பள்ளிக்கூட ஆய்வக பொம்மை மாதிரி ஆகிவிடும். அழுகிக்கொண்டிருக்கும் உடல்தான் இவனுடைய அடையாளம். வயிற்றை எடுத்துவிட்டு தசைமடிப்பு வரைய ஆசை வரும். வரையாதீர்கள்.

நிற்கும் தோரணைக்கு முழங்காலை லேசாக மடக்கி, ஒரு குதிகாலை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். மாயா ஓவியர்கள் நடனத்தைக் காட்டும் முறை இது. குதிகால் ஓர் அங்குலம் உயர்ந்ததும் உருவத்துக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்து கழுத்துப் பட்டை. ஒரு வட்டம், உள்ளே சின்ன வட்டம், பின்னால் நரம்பு போல ஒரு வால். இப்படி ஏழெட்டுக் கண்களை வரிசையாகக் கோத்துவிடுங்கள். கன்னத்தில் நம் சதவீதக் குறியைப் போலவே இருக்கும் ஒரு குறி உண்டு. மாயா மக்களின் 260 நாள் பஞ்சாங்கத்தில் மரணத்துக்கு உரிய கிமி நாளின் சின்னத்திலும் அதைப் பார்க்கலாம். மார்பில் சின்னம் வேண்டுமென்றால் இதையே போடுங்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

படி 4: அவன் ஏன் நாயகன்?

இதற்கான விடை போபோல் வூவிலேயே இருக்கிறது. ஹுனாஹ்பு, ஷ்பலான்கே என்ற இரட்டையர் ஷிபால்பாவுக்குப் போய்ப் பந்தாடி, இருட்டு வீடு, குளிர் வீடு, ஜாகுவார் வீடு, வௌவால் வீடு என்று சோதனைகளைக் கடந்து, கடைசியில் இரண்டு அரசர்களையும் கொன்றுவிடுகிறார்கள். மிச்சமிருந்த பிரபுக்கள் மண்டியிட்டுக் கெஞ்ச, இரட்டையர் தீர்ப்புச் சொல்கிறார்கள்: இனி உங்களுக்கு நல்ல காணிக்கை கிடையாது, குற்றவாளிகளும் வன்முறையாளர்களும் துயரத்தில் கிடப்பவர்களுமே உங்கள் பங்கு.

மண்டியிட்ட பிரபுக்களில் ஒருவன்தான் நம் கிசின். தண்டனை பெற்ற பழைய வில்லன். குற்றமற்றவனை அவன் தொட முடியாது. சரி, குற்றவாளியைத் தொடலாம். ஆனால் தீர்ப்பில் துயரப்பட்டவர்களும் சேர்ந்தே வருகிறார்களே? நோயாளியும் ஏழையும்கூட சட்டப்படி அவன் பங்கு. அந்தப் பங்கை வேண்டாம் என்று அவன் மறுக்கும் இடத்தில்தான் நாயகன் ஆகிறான். முழுத் தொடரையும் இந்த ஒரு முடிவின் மேல் கட்டலாம்.

படி 5: சக்தியும் பலவீனமும்

கண்டபடி சக்தி கொடுக்காதீர்கள், மூலத்திலிருந்தே எடுங்கள். மாயா மக்கள் எண்களை முகங்களாகவும் வரைந்தார்கள். அவற்றில் 10க்கு உரிய முகம் மரண தெய்வத்தின் மண்டை ஓடு. 13 முதல் 19 வரையிலான முகங்கள், 3 முதல் 9 வரையிலான முகங்களுக்கு எலும்புத் தாடை வைத்து உருவானவை. எனவே இவன் தொட்ட குற்றவாளிக்குத் தாடை மட்டும் எலும்பாக மாறட்டும். ஒரே பார்வையில் வாசகருக்குப் புரியும். லகண்டோன் மாயா மக்களிடம் கிசின் நிலநடுக்கத்தோடும் தொடர்புள்ளவன், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தூதனாக ஆந்தை, ஷிபால்பாவின் தூதர்களே ஆந்தைகள்தான்.

பலவீனத்துக்குக் கொசு. இரட்டையர் அனுப்பிய கொசு பிரபுக்களை ஒவ்வொருவராகக் கடிக்க, வலியில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்து எல்லாப் பெயர்களையும் வெளியே விட்டுவிட்டார்கள். அதனால் அவன் பெயரை அறிந்தவர் அவனை நிறுத்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் பக்கம்

குவாத்தமாலாவின் பெட்டேன் காடு. பழைய கல்லறையைத் தோண்டிக் குவளைகளைத் திருடும் ஒருவன், அவனிடம் கூலிக்குத் தோண்டும் பசித்த சிறுவன். கல்லறைத் திருட்டு அங்கே உண்மையிலேயே நடப்பதுதான். குற்றவாளியும் துயரப்பட்டவனும் ஒரே குழிக்குள் நிற்பதால் படி 4இன் சிக்கல் உடனே மேலே வந்துவிடும்.

நான்கு கட்டம் போதும். முதலில் கிளையில் ஆந்தை. இரண்டாவதில் மணிச் சத்தம், ஆளைக் காட்ட வேண்டாம். மூன்றாவதில் நாற்றம்: கிசின் என்ற பெயரோடு நாற்றமும் ஒட்டியே வரும், அதை மண்ணிலிருந்து எழும் சுருள் கோடுகளாக வரையுங்கள்; சிறுவன் மூக்கைப் பொத்தட்டும். நான்காவது பெரிய கட்டம், குதிகால் தூக்கிய கிசின்.

பேச்சுக் குமிழிக்குப் பதில் வாயிலிருந்து மெல்லிய வளைகோடு ஒன்றை இழுத்து எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். மாயா குவளைகளிலேயே இந்த முறை இருக்கிறது.

படி 7: இங்க், வண்ணம்

குவளை ஓவியர்கள் வெளிர் மஞ்சள் பரப்பில் கறுப்புக் கோடும் விளிம்பில் சிவப்புப் பட்டையும் வைத்தார்கள். நாமும் அப்படியே. நீலத்தை ஆந்தையின் கண்ணுக்கும் மணிகளுக்கும் மட்டும் கொடுங்கள். அவுரியும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து மாயா மக்கள் செய்த நீலம் புகழ்பெற்றது.

எழுத்துச் சின்னங்களை அலங்காரத்துக்காக இஷ்டத்துக்குக் கிறுக்க வேண்டாம். அது வாசிக்கக்கூடிய எழுத்து, மாயா மொழிகளை இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். தெரிந்த கிமி சின்னத்தைப் பார்த்து வரையுங்கள், மற்ற இடத்தைக் காலியாக விடுங்கள்.

கடைசியாக அழுகல் புள்ளிகள். கோடெல்லாம் காய்ந்த பிறகு பிரஷ் பேனாவின் நுனியால் வயிற்றில் நெருக்கமாகவும் கைகால்களில் தள்ளித் தள்ளியும் வையுங்கள். முகத்தில் வேண்டாம், கன்னத்துக் குறி தெரியாமல் போய்விடும்.