விரல் மடங்கிப் போனவர்கள் ஊசி சிகிச்சையில் செய்யும் தவறுகள்

மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்படும். பெரிதாக வலிக்காது. சில ஆண்டுகளில் அது கயிறு போல நீண்டு விரலை உள்ளே இழுத்துவிடும். மறு கையால் பிடித்து நிமிர்த்தினாலும் நிமிராது. 1831இல் பாரிசில் இதற்கு அறுவை செய்த கியோம் டுபிட்ரனின் பெயரால் இதை டுபிட்ரன் சுருக்கம் என்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். நம் ஊரில் குறைவுதான், ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல்.

நரம்பு இழுத்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்து, விரலைப் பிடித்து இழுப்பதுதான் முதல் தவறு. தடித்துச் சுருங்குவது தோலுக்கு அடியிலுள்ள சவ்வு; உருவிவிட்டால் அது இளகாது. மடக்கிய விரல் சிக்கி, பிறகு ‘டக்’கென்று விடுபட்டால் அது ட்ரிக்கர் ஃபிங்கர். அதற்குப் பல சமயம் ஒரு ஸ்டீராய்டு ஊசியே போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். வெறும் முடிச்சுக்கு அவசரப்பட்டு ஊசி போடத் தேவையில்லை. உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். தட்டையாகப் படியவில்லை என்றால் கை அறுவை நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. மடங்குவது விரலின் அடி மூட்டு என்றால் கொஞ்சம் தாமதித்தாலும் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். நடு மூட்டு அப்படியல்ல. நாளாக ஆக மூட்டே இறுகிவிடும், பிறகு கயிற்றை அறுத்தாலும் முழுதாக நிமிராது.

ஊசி முனையால் அந்தக் கயிற்றை ஆங்காங்கே அறுத்து, விரலை நிமிர்த்துவது ஒரு முறை. கத்தியும் தையலும் கிடையாது. தோலை மட்டும் லேசாக மரத்துப்போகச் செய்வார்கள். ‘முழுக் கையையும் மரத்துப்போக வையுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். ஊசி நரம்பைத் தொட்டால் விரல் நுனிவரை ஷாக் அடித்ததுபோல் சுரீரென்று பாயும். அதை நீங்கள் உடனே சொன்னால்தான் மருத்துவர் ஊசியை விலக்குவார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது இங்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு முறை, கயிற்றைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசி. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2020இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊசி போட்டு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மருத்துவரே விரலை நிமிர்த்துவார். அதற்குள் வீட்டில் நீங்களாக இழுத்துப் பார்க்கக் கூடாது. கை வீங்கிக் கன்றிப்போவது சகஜம், பயப்பட வேண்டாம்.

‘ஊசியோடு தீர்ந்தது’ என்று நம்பினால் ஏமாற்றம்தான். நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் ஊசி முனையால் அறுக்கும் முறையில் 85 சதவீதத்தினருக்கும் அறுவையில் 21 சதவீதத்தினருக்கும் மடக்கம் திரும்பியது. ஆனாலும் அடி மூட்டில் கயிறு தெளிவாகத் தெரிந்து, சீக்கிரம் வேலைக்குத் திரும்பியாக வேண்டியவருக்கு ஊசியே நல்லது என்பேன். திரும்பி வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். சிறு வயதிலேயே நடு மூட்டு மடங்கியவர்கள் அறுவையைப் பற்றியும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு ஒரு வாரமாவது கனமாக எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்யுங்கள். தோல் கிழிந்த இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, விரல் நுனியை மடக்கவே முடியாமல் போனாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.