பயணப் படங்களை நண்பர்களோடு பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகரத்தைச் சில நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிறவரின் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றை நண்பர்களோடு பகிர்வதில் நேரும் தவறுகளில் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான்: பயணத்தில் கூட வந்தவர்களுக்கும் வராமல் ஊரில் இருந்தவர்களுக்கும் ஒரே தொகுப்பை ஒரே வழியில் அனுப்பிவிடுகிறோம். கூட வந்தவருக்கு எல்லாப் படங்களும் வேண்டும். தரம் குறையாமல் வேண்டும். கண் மூடியிருந்தாலும், கை ஆடி மங்கியிருந்தாலும் அது அவருடைய நாள். வராதவருக்கோ அந்த நகரம் எப்படி இருந்தது, நீங்கள் அங்கே எதைக் கண்டு நின்றீர்கள் என்று தெரிந்தால் போதும். இந்த இரண்டையும் பிரிக்காமல் விட்டால் முன்னவருக்குக் குறைவாகவும் பின்னவருக்கு மிகையாகவும் போய்ச் சேர்ந்து, இருவருமே பாதியில் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வராதவர்களுக்கு அனுப்புவதில் முதல் தவறு எண்ணிக்கை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே மூச்சில் எண்பது படங்கள் வந்து விழுந்தால், முதல் நான்கைப் பார்த்துவிட்டு ஒரு கைதட்டல் பொம்மையைப் போட்டு நகர்ந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. பதினைந்து, இருபது படங்களுக்குள் ஒரு பயணத்தைச் சொல்லிவிட முடியும் என்பது என் கருத்து. அதற்காகப் படங்களைக் கழிக்கும்போதுதான் இரண்டாவது தவறு நேர்கிறது: எது பிசிறில்லாமல் விழுந்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறோம். ஒரு மணிக்கூண்டை மூன்று முறை எடுத்திருப்பதாகக் கொள்வோம். முதல் படத்தில் அது நீல வானத்தின் முன் அடி முதல் நுனி வரை நேராக நிற்கிறது. இரண்டாவதில் அதன் முன் நீங்கள் சிரித்தபடி நிற்கிறீர்கள். மூன்றாவதில் கூண்டின் கீழ்ப்பாதி மட்டுமே தெரிகிறது. ஆனால் அதன் வளைவுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கிய பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நிற்க, ஒருவர் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் படத்தைப் போன்ற ஆயிரம் படங்களை இணையத்தில் தேடி உங்கள் நண்பரே பார்த்துக்கொள்வார். மூன்றாவது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அனுப்ப வேண்டியது அதுதான். இரண்டாவதைப் போன்றவை தொகுப்பில் ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை, அவையே தொகுப்பாகிவிடக் கூடாது.

படத்தோடு ஒரு வரி எழுதாமல் அனுப்புவதும் பரவலான குறை. அதிலும் ‘இரண்டாம் நாள்’, ‘அழகு’ என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம். அந்த இடத்தின் பெயர், அன்று அங்கே என்ன நடந்தது என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்கத் தொடங்குவார், பேச்சு அங்கிருந்து வளரும். பெயரை அன்றிரவே குறித்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் கழித்தால் மூன்று தேவாலயங்களும் இரண்டு சதுக்கங்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன, பிறகு தவறான பெயரோடு போன படத்தை யாரும் திருத்துவதில்லை.

இனிக் கூட வந்தவர்களின் பக்கம். இங்கே எண்ணிக்கை பிரச்சினையே இல்லை, தரம்தான் பிரச்சினை. 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் சுமார் 4000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் கொண்டது. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. கைப்பேசித் திரையில் வேறுபாடு தெரியாது என்பதால் பெறுகிறவரும் அதையே மூலப்படம் என்று நம்பிச் சேமித்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் அதைப் பெரிதாக அச்சிட எண்ணும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது: ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்துக்கு 3508 பிக்சல் நீளம் தேவை; 1600 பிக்சல் படமோ ஐந்தே கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டினாலே தரம் இறங்கத் தொடங்கும். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் வந்த, கூடுதல் தரத்தில் அனுப்பும் எச்டி தெரிவு இதை ஓரளவு சரிசெய்கிறது என்றாலும் அதுவும் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேர வேண்டுமானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். 2022 முதல் ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம் என்பதால் அளவு ஒரு தடையல்ல. பக்கத்திலேயே இருப்பவருக்கு, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு நேரடியாக அனுப்பும் ஏர்டிராப், குயிக் ஷேர் போன்றவை இன்னும் எளிது. விடுதியிலிருந்து கிளம்பும் முன் எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது இதை முடித்துவிட்டால் பின்னால் மாதக்கணக்கில் ‘அந்தப் படத்தை அனுப்பு’ என்று ஒருவரையொருவர் நச்சரிக்க வேண்டியிருக்காது. ஐபோன் 2017 முதல் ஹெய்க் (HEIC) என்ற புதிய கோப்பு வடிவில் படங்களைச் சேமிப்பதால் பழைய கணினி வைத்திருப்பவருக்குக் கோப்பு திறக்காமல் போகலாம். அவருக்கு மட்டும் வழக்கமான ஜேபெக் (JPEG) வடிவுக்கு மாற்றிக் கொடுங்கள்.

பலர் சேர்ந்து போன பயணத்துக்குப் பொது ஆல்பம்தான் சரியான வழி, ஆனால் அதன் நடைமுறையைப் புரிந்துகொள்ளாமல் இறங்குவது இன்னொரு தவறு. கூகுள் போட்டோஸில் ஆல்பத்தின் இணைப்பை உருவாக்கி அனுப்பினால், அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் அவரால் ஆல்பத்தைப் பார்க்க முடியும். நீங்கள் நால்வருக்கு அனுப்பியதை ஒருவர் தம் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் அதோடு எல்லை போய்விடும். ஆகவே பெயர் சொல்லி அழைத்துச் சேர்ப்பதும், இணைப்புவழிப் பகிர்வை நிறுத்தி வைப்பதும் பாதுகாப்பானவை. அடுத்தது இடம்: 2021 ஜூன் 1 முதல் அந்தச் சேவையில் ஏற்றப்படும் படங்கள் இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி அளவில் சேருகின்றன, மின்னஞ்சலும் அதே கணக்கில்தான் வருகிறது. பயணம் முடிந்து இடம் நெருக்கும்போது ஆல்பத்தை உருவாக்கியவர் தம் கணக்கிலிருந்து பழைய படங்களை நீக்கினால், அவை பொது ஆல்பத்திலிருந்தும் மறைந்துவிடும். ‘ஆல்பத்தில்தான் இருக்கிறதே’ என்று இறக்கிக்கொள்ளாமல் விட்ட மற்றவர்களுக்கு அன்றோடு அந்தப் பயணம் கைவிட்டுப் போகும்.

ஆல்பத்தில் படங்கள் வந்து சேர்ந்ததும் வரிசை கலைந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். விடியற்காலைச் சந்தையில் எடுத்த படம் முந்தைய இரவின் பாலத்து விளக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும். காரணம் கடிகாரம். ஒவ்வொரு படக்கோப்பிலும் எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த நேரம் பதிவாகிறது. ஆல்பம் அந்த நேரத்தை வைத்துத்தான் அடுக்குகிறது. வேறு நேர மண்டலத்துக்குப் போனதும் கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். தனிக் கேமரா பெரும்பாலும் மாறாது, புறப்பட்ட ஊரின் நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். நேரத்தோடு மண்டலத்தையும் குறிக்கும் வசதி எக்ஸிஃப் தரவரையறையில் 2016இல்தான் சேர்ந்தது என்பதால் பழைய கேமராக்களில் அந்தத் தகவலே இருக்காது. பயணத்தின் முதல் நாளில் ஒருவருடைய கைப்பேசியில் நொடிமுள்ளோடு கடிகாரத்தைத் திறந்து வைத்து, கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்வது எளிய தீர்வு. படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிவான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, டிஜிகாம், லைட்ரூம் போன்ற மென்பொருளில் அந்தக் கேமராவின் படங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடலாம். இந்த ஒரு படத்தை எடுக்க மறந்தவர்கள் பின்னால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து நேரத்தை ஊகிக்க வேண்டியிருக்கும்.

நேரத்தைப் போலவே இடமும் கோப்புக்குள் பதிவாகிறது. கவனக்குறைவு அதிகத் தீங்கு செய்வது இங்கேதான். கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சில மீட்டர் துல்லியத்தில் படத்தோடு சேமிக்கப்படுகின்றன. 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த கணினிப் பாதுகாப்பு மென்பொருள் முன்னோடி ஜான் மெக்காஃபியுடன் பயணம் செய்த இதழாளர்கள் அவருடைய படம் ஒன்றை வெளியிட்டார்கள். அந்தக் கோப்பில் இருந்த இருப்பிடக் குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சாதாரணப் பயணிக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை என்றாலும், ஜன்னலோரக் காட்சி என்று எடுத்த படம் எந்த விடுதி என்பதையும், வழியனுப்ப வந்த நண்பரின் வீட்டு வாசலில் எடுத்த படம் அவர் வீடு எங்கே என்பதையும் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்தக் குறிப்பு நீக்கப்படுகிறது, ஆவணமாக அனுப்பும்போது அப்படியே போகிறது. அதாவது தரத்துக்காக மேலே சொன்ன வழி இருப்பிடத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும். கூட வந்தவருக்கு அது நன்மை, வரைபடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆவணமாக அனுப்பாதீர்கள், அல்லது இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஐபோனில் 2019 முதல் பகிரும் திரையின் மேற்பகுதியில் உள்ள தெரிவுகளுக்குள் இருப்பிடத்தை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் படக்கூடச் (கேலரி) செயலிகள் பலவற்றிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

கோப்புக்குள் மறைந்திருப்பதை விடப் படத்திலேயே பளிச்சென்று தெரிவதைக் கவனிக்காமல் விடுவது வேடிக்கையான முரண். கடவுச்சீட்டும் விமான நுழைவுச்சீட்டும் கையில் விசிறியாகப் பிடித்து ‘கிளம்பிவிட்டோம்’ என்று போடும் படத்தைச் சொல்கிறேன். நுழைவுச்சீட்டில் உள்ள முன்பதிவுக் குறியீடும் குடும்பப் பெயரும் இருந்தாலே பல விமான நிறுவனங்களின் தளத்தில் ஒருவருடைய பயண விவரத்தைத் திறந்துவிடலாம். எழுத்துகளை விரலால் மறைத்தாலும் பட்டைக்குறி அதே தகவலைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் 2020இல் தம் நுழைவுச்சீட்டை இன்ஸ்டாகிராமில் வெளியிட, அதிலிருந்து ஒருவர் அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நல்ல வேளையாக அவர் அதை அதிகாரிகளிடம் தெரிவித்தார். விடுதி அறைச் சாவியின் எண், மேசையில் கிடக்கும் கடன் அட்டை, கண்ணாடியில் தெரியும் கணினித் திரை ஆகியவையும் இந்த வகைதான். படத்தை இரு விரலால் பெருக்கி நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது. பயணத்தில் இருக்கும்போதே பொதுவெளியில் உடனுக்குடன் போடுவது வீடு பூட்டிக்கிடக்கிறது என்ற அறிவிப்பும் ஆகும். நெருங்கியவர்களுக்கு மட்டும் அன்றன்றைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களுக்குத் திரும்பிய பின் போடலாம்.

படத்தில் இருப்பவர்களின் விருப்பத்தைக் கேட்காமல் அனுப்புவதைப் பலரும் தவறாகவே கருதுவதில்லை. நண்பர்களுக்குள் என்ன அனுமதி என்று நினைக்கிறோம். ஆனால் வாய் திறந்து தூங்கும் படத்தை நால்வர் பார்ப்பது வேறு, அவருடைய அலுவலகத்தார் உள்ள நாற்பது பேர் பார்ப்பது வேறு. விடுப்புக்கு வேறு காரணம் சொல்லிவிட்டு வந்தவரும் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்! பிறருடைய குழந்தைகளின் படம் என்றால் பெற்றோரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வழிப்போக்கர்களைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியில் ஒருவரின் உருவப்படத்தைப் பரப்பவோ வெளியிடவோ அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இடத்தைக் காட்டும் படத்தில் அவர் தற்செயலாக இடம்பெற்றிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. தெருவின் படத்தில் பத்துப் பேர் நடந்து போவதற்கும், ஒருவருடைய முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துப் பொதுவெளியில் போடுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எந்த ஊரிலும் கடைப்பிடிக்கலாம். இதற்கு எதிர்ப்பக்கமாகத் தேவையற்ற அச்சமும் உலவுகிறது. ஈஃபில் கோபுரத்தின் இரவுப் படத்தைப் பகிர்ந்தாலே குற்றம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கோபுரத்தின் இரவு ஒளியமைப்புக்குப் பதிப்புரிமை இருப்பது உண்மை. ஆனால் வணிக நோக்கத்தோடு பயன்படுத்துவோர்தான் அனுமதி பெற வேண்டும், நண்பர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

கடைசியாக, அனுப்பிவிட்டோம் என்ற நம்பிக்கையில் கைப்பேசியைத் துடைத்துவிடும் அவசரம். நீங்கள் அனுப்பியது சுருங்கிய நகலா மூலமா, மற்றவர்கள் அதை இறக்கிக்கொண்டார்களா என்று உறுதியாகும்வரை எதையும் நீக்க வேண்டாம். பொது ஆல்பத்துக்கு ஒரு தேதி வைத்து, ‘அடுத்த மாதம் முதல் வாரம் வரை இருக்கும், அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல் போதும். ஒருவர் தம் படத்தை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இறக்கியவர்களிடம் அதன் நகல் இருக்கும் என்பதால் அவர்களிடமும் நீங்களே சொல்லி நீக்கச் செய்வதுதான் முறை.