பிரிட்டன் குடியுரிமை: நன்னடத்தை விதியில் நம்மவர் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் தஞ்சம் பெற்ற மகனோ தம்பியோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறான் என்றால், திருமயம் பக்கம் லேனாவிளக்கு இலங்கைத் தமிழர் அகதிகள் முகாமில் இருக்கும் குடும்பம் தேடி எடுப்பது பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழைத்தான். தலைமையாசிரியர் கையெழுத்து, வட்ட முத்திரை, ‘நடத்தை: நன்று’ என்று ஒரு வரி. கூரியரில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. அந்நாட்டு உள்துறை பார்ப்பது தண்டனை, வரிப் பாக்கி, பொய்த் தகவல், நாட்டுக்குள் நுழைந்த விதம் ஆகியவற்றை. 1981ஆம் ஆண்டு பிரிட்டன் குடியுரிமைச் சட்டம் நன்னடத்தை வேண்டும் என்கிறதே தவிர, எது நன்னடத்தை என்று வரையறுக்கவில்லை. அதிகாரிகளுக்கான வழிகாட்டிதான் அளவுகோல். அது அவ்வப்போது மாறும்.

அப்படி மாறியதை அறியாமல் பணம் கட்டுவதுதான் இப்போது அதிகம் வலிக்கும் தவறு. முன்பெல்லாம் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் பத்தாண்டு பொறுத்திருந்து விண்ணப்பித்தார்கள். 2025 பிப்ரவரி 10 முதல் அந்தக் கணக்கு செல்லாது. படகிலோ லாரிக்குள் ஒளிந்தோ வந்தவருக்கு, எத்தனை ஆண்டு கழிந்தாலும், பொதுவாக மறுப்புதான். சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கலாகாது என்று 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு சொல்கிறது. பிறகு இது என்ன நியாயம்? எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் 1,600 பவுண்டுக்கு மேல் கட்டணம் கட்டி நியாயம் கேட்க முடியாது. மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது, மேல்முறையீட்டு உரிமையும் இல்லை. மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது நீதிமன்றச் சீராய்வுக்குப் போகலாம்.

இதற்குப் பயந்து வந்த வழியை மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. தஞ்சம் கேட்டபோது நேர்காணலில் சொன்னதெல்லாம் கோப்பில் கிடக்கிறது; வட்டிக்கடைப் பேரேடு மாதிரி, பழைய பக்கத்தைப் புரட்ட அவர்களுக்கு நேரமாகாது. ஏமாற்று என்று முடிவானால் அடுத்த பத்தாண்டுக்குக் கதவு சாத்தியதுபோலத்தான். பொய் சொல்லிக் குடியுரிமையே கிடைத்துவிட்டாலும் பின்னால் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது.

வேகமாகக் கார் ஓட்டிய அபராதத்தைச் சொல்லாமல் விடுவது வீண் வம்பு. அபராதத்தைக் கட்டியிருந்தால் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள், மறைத்தால்தான் உறுத்தும். பத்து வயது நிரம்பிய பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் நன்னடத்தை விதி உண்டு. விண்ணப்பிப்பவரைத் தெரியும் என்று கையெழுத்திடும் பரிந்துரையாளர்கள் இருவரில் ஒருவராக மாமாவையோ மைத்துனரையோ போடக் கூடாது, உறவினர் செல்லாது.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் நன்னடத்தை நிபந்தனை உண்டு. ஆனால் முகாமில் இருப்பவர்கள் அந்தப் படிவரை போவதே அரிது. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரை முன்னாலேயே மறித்துவிடுகிறது.

படிவத்தைத் தொடுமுன், உள்துறையிடம் உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் போங்கள். அவர் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருக்கிறவர் குடியுரிமை இல்லாமலும் அங்கே வாழலாம், வேலை பார்க்கலாம்.