ஃபேர்வெல் டூரா? முதல் மாசத்து ஷோவுக்கே டிக்கெட் போடுங்க

புடிச்ச ராக் பேண்ட் இதான் எங்க கடைசி டூர்னு அறிவிச்ச உடனே எல்லாரும் கேக்கறது, நெஜமாவே கடைசியா? சந்தேகம் நியாயம்தான். தி ஹூங்கற பேண்ட் 1982லயே ஃபேர்வெல் டூர் போனாங்க, 2025ல அமெரிக்காவுல மறுபடி ஒரு ஃபேர்வெல் டூர். கிஸ் 2000லயே டாட்டா காட்டிட்டு, 2019ல இன்னொரு கடைசி டூர் ஆரம்பிச்சு, 2023 டிசம்பர்லதான் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல முடிச்சாங்க. மாட்லி க்ரூ இன்னும் ஒரு படி மேல, இனிமே டூரே கெடையாதுன்னு 2014ல ப்ரெஸ் மீட் வெச்சு ஒப்பந்தத்துல கையெழுத்தே போட்டாங்க, 2022ல பாத்தா ஸ்டேடியம் ஸ்டேடியமா வாசிச்சிட்டு இருக்காங்க! அதனால அடுத்த தடவ பாத்துக்கலாம்னு தோணும்தான், ஆனா அத நம்பி விட்டுடாதீங்க.

ஏரோஸ்மித்த பாருங்க. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஃபிலடெல்ஃபியால ஃபேர்வெல் டூர் ஆரம்பிச்சாங்க, மூணே ஷோ, அதோட பாடகர் ஸ்டீவன் டைலருக்கு தொண்டை போச்சு, அப்புறம் பாத்தா குரல்வளையிலயே முறிவுன்னு தெரிஞ்சு, தேதிய தள்ளி வெச்சு, புதுசா தேதி குடுத்து, கடைசியில 2024 ஆகஸ்ட்ல இனி டூரே இல்லன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி தேதிக்கு டிக்கெட் எடுத்து வெச்சவங்க எல்லாம் அம்போ. ஃபேர்வெல் டூர் போற ஆளுங்க பாதிக்கு மேல அறுபது எழுபது தாண்டினவங்க, அதனால டூரோட ஆரம்பத்துல வர்ற தேதிதான் பெஸ்ட், உங்க ஊருக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் வர்றாங்கன்னா முடிஞ்சா பக்கத்து ஊருக்கு முன்னாடியே போய்டுங்க. கடைசி ராத்திரிதான் வேணும்னு அடம்புடிக்கறவங்களுக்கு ஒண்ணு, விலை எகிறும், அதுவும் போக கிஸ்ஸோட கடைசி ஷோவ வீட்டுல உக்காந்தே காசு கட்டி லைவ்ல பாக்க முடிஞ்சுது.

காசு கட்டறதுக்கு முன்னாடி மேடையில யார் யார் நிக்கப்போறாங்கன்னு பாருங்க. ப்ளாக் சாபத் 2016ல கடைசி டூர் போனப்ப ஒரிஜினல் ட்ரம்மர் பில் வார்ட் இல்ல, கிஸ் டூர்ல ஒரிஜினல் கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலியும் ட்ரம்மர் பீட்டர் கிறிஸ்ஸும் இல்ல. அது பரவால்லன்னா போங்க, ஆனா அரங்கத்துல போய் நின்னுட்டு யார்ரா இவன்னு கேக்காதீங்க.

டிக்கெட்டுக்கு, பேண்டோட மெயில் லிஸ்ட்ல இப்பவே சேருங்க, பொது விற்பனைக்கு முன்னாடியே வாங்க விடற ப்ரீசேல் கோட் பெரும்பாலும் அங்கதான் வரும். சேல் அன்னைக்கு முன்னாடியே லாகின் பண்ணி கார்டு விவரத்த சேவ் பண்ணி வெச்சுட்டு ஒரே டிவைஸ்ல உக்காருங்க. கிடைக்கலன்னா பதறிப்போய் அன்னைக்கே ரீசேல்ல மூணு மடங்குக்கு வாங்காதீங்க, ஷோ நெருங்க நெருங்க விலை இறங்கறது உண்டு, எல்லா பேண்டுக்கும் இல்லதான். தெரியாத ஆள் அனுப்பற ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மட்டும் காசு குடுத்துடாதீங்க, நெறைய இடத்துல பார்கோட் ஆப்ல மாறிட்டே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் கேட்ல செல்லாது.

வெளியூர்னா ஃப்ளைட், ஹோட்டல் ரெண்டும் கேன்சல் பண்ற மாதிரி புக் பண்ணுங்க, ஷோ ரத்தானா டிக்கெட் காசுதான் திரும்பும், மத்தது உங்க தலையில. வெளிநாடுன்னா விசா முதல்ல.

சீட் என் அபிப்ராயத்துல ஃப்ளோர், அதாவது மேடைக்கு நேர் முன்னாடி தரையில இருக்கற இடம், வேண்டாம், முன்னாடி கம்பிய புடிச்சு நிக்கணும்னா மணிக்கணக்கா க்யூ, நடுவுல மாட்டினா அடுத்தவன் தூக்கிப்புடிக்கற ஃபோன்தான் தெரியும். சைடு ஸ்டாண்டோட முதல் வரிசைகள் போதும், சவுண்ட் முக்கியம்னா சவுண்ட் இன்ஜினியர் உக்கார்ற மிக்சிங் டெஸ்க்குக்கு பக்கத்துல பாருங்க.

செட்லிஸ்ட்ட, அதாவது ஷோவுல வாசிக்கற பாட்டு வரிசைய, முன்னாடியே பாக்கலாமா கூடாதான்னு சண்டையே நடக்கும், நான் பாக்கற கட்சி, எந்தப் பாட்டுக்கு பாத்ரூம் போகலாம்னு தெரியும்ல.

காத அடைச்சு சத்தத்த குறைக்கற இயர்ப்ளக் கட்டாயம். ராக் ஷோவுல 100 டெசிபல் சர்வ சாதாரணம், அந்த சத்தத்துல காது தாங்கறது கிட்டத்தட்ட 15 நிமிஷம்னு கணக்கு, ஷோ ரெண்டு மணி நேரம். தி ஹூ கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டே காது போச்சுன்னு வெளிப்படையா சொன்ன ஆளு. மியூசிஷியன்களுக்குன்னு விக்கற இயர்ப்ளக்க வாங்குங்க, பாட்டு கலங்காம சத்தம் மட்டும் குறையும். பெரிய பேக் தூக்கிட்டுப் போகாதீங்க, கேட்லயே நிறுத்திடுவாங்க. டீஷர்ட்ட உள்ள போன உடனே வாங்குங்க, முடிஞ்சு வர்றப்ப உங்க சைஸ் இருக்காது.