வெளிவந்த கட்டுரையில் பிழையா? திருத்தும்போது செய்யக் கூடாதவை

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சோலைக்காடு, தேயிலை, மண், மழை என்று ஆய்வு செய்து எழுதுவோர் பலர். கட்டுரை ஆய்விதழில் வெளிவந்த பிறகு பிழை கண்ணில் பட்டால், ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்திலோ கல்லூரித் தளத்திலோ உள்ள பிடிஎஃப்பை மட்டும் ஓசையில்லாமல் மாற்றிவைப்பவர்கள் உண்டு. இதைவிடக் கெடுதலான வழி இல்லை. இதழில் ஓர் எண், தளத்தில் வேறோர் எண். ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது, ஒளிப்புதான் தெரியும். திருத்தம் எப்போதும் இதழ் வழியாகவே வர வேண்டும்.

அடுத்த தவறு, பிழை எதுவரை பாய்ந்திருக்கிறது என்று பாராமல் இதழாசிரியருக்கு எழுதுவது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த எண் அட்டவணையில் மட்டும் மி.மீ. என்று விழுந்து, கணக்கு சரியான எண்ணில் ஓடியிருந்தால் திருத்த அறிவிப்பு போதும். தவறான எண்ணே கணக்குக்குள் போயிருந்தால், முழுவதையும் மறுபடி கணக்கிட்டு முடிவு நிற்கிறதா என்று பாருங்கள். மரத்தின் இனத்திலும் இப்படித்தான். இந்த மலைகளில் வாட்டில் (wattle) மரங்களைச் சீகை மரம் என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். கறுப்பு வாட்டிலும் வெள்ளி வாட்டிலும் வேறு வேறு இனங்கள். ஆய்வுப் பாத்திகள் எல்லாவற்றிலும் இனம் மாறிப்போய், வாதமே அந்த இனத்தின் மீது நின்றால், திருத்தம் உதவாது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.

திரும்பப் பெறுதலைத் தண்டனை என்று அஞ்சி இழுத்தடிக்க வேண்டாம். முடிவை நம்ப முடியாது என்றால் திரும்பப் பெறலாம், காரணம் மோசடியாக இருந்தாலும் நேர்மையான பிழையாக இருந்தாலும் சரி என்பதே பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் அமைப்பின் வழிகாட்டுதல். அறிவிப்பில் காரணத்தைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். மழுப்பலான அறிவிப்பு நேர்மையானவரையும் சந்தேகத்தில் தள்ளும்.

கடிதத்தில் "சில பிழைகள் நேர்ந்துவிட்டன" என்று எழுதினால், விவரம் கேட்டு அது திரும்பிவரும். தலைப்பு, டிஓஐ எண் (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்), பக்கம், அட்டவணை, வரிசை, அச்சில் உள்ளது, இருக்க வேண்டியது, எப்படி நேர்ந்தது, முடிவை எவ்வளவு பாதிக்கிறது என எல்லாவற்றையும் எழுதுங்கள். மூலத் தரவையும் மறுகணக்கையும் இணையுங்கள். இணை ஆசிரியர்கள் எல்லாரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவரைக் கேட்காமல் அனுப்பினால் அவரது மறுப்புக் கடிதம் பின்னாலேயே போகும். திருத்தத்தோடு புதிய மாதிரிகளைச் சேர்த்து அனுப்புவதும் கூடாது. அது புதுக் கட்டுரைக்கான வேலை.

பிழை இதழுடையது என்றால் எரேட்டம், ஆசிரியருடையது என்றால் கோரிஜெண்டம் என்று பல இதழ்கள் பிரிக்கின்றன. சில இரண்டையும் திருத்தம் என்றே போடும்.

திரும்பப் பெற்றால் கட்டுரை மறைந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. சட்டச் சிக்கல் போன்ற அரிய நிலைகள் தவிர, அது குறியிடப்பட்டு அதே இடத்தில் இருக்கும்; அறிவிப்பு தனியாக வந்து அதோடு இணைக்கப்படும். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010இல் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குறியோடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஆகவே மேற்கோள் காட்டுமுன் இதழின் பக்கத்தையே திறந்து பாருங்கள், கையில் உள்ள பழைய பிடிஎஃப்பில் குறி இராது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்னும், திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளம் 2023 முதல் டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசம், மேற்கோள்களைத் தொகுக்கும் ஜோட்டெரோ மென்பொருளும் எச்சரிக்கும். எழுதத் தொடங்கும்போது ஒரு முறை, அனுப்புவதற்கு முந்தின நாள் இன்னொரு முறை சரிபாருங்கள்.