போனிடெயில் தூக்கி நிற்க: இறுக்காதீர்கள், இரண்டாகக் கட்டுங்கள்

காலையில் தூக்கிக் கட்டிய போனிடெயில் மத்தியானத்துக்குள் பிடரிக்கு இறங்கிவிட்டால், ரப்பரை இன்னொரு சுற்று சுற்றத்தான் கை போகும். அதனால் பலன் இல்லை. இறுக்க இறுக்க உச்சி முடி மண்டையோடு படிந்துவிடும், வாலும் ஒல்லியாகத் தெரியும். மொத்த முடியின் பாரத்தையும் ஒரே ரப்பர் சுமப்பதுதான் கோளாறு. பாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தலை பக்குவமாக இருக்க வேண்டும். எண்ணெய் வைத்த தலையில் இந்தக் கட்டு நிற்காது, வழுக்கி இறங்கும். அன்றைக்கே குளித்த தலையும் அவ்வளவு சரிப்படாது; முடி வழவழவென்று நழுவும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை தலைதான் தோது. கண்டிஷனர் போட்டால் காதுக்குக் கீழே மட்டும் போடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக வருகிற வீடுகளில் முடி சொரசொரத்துச் சிக்கு விழும். கடைசியாக இரண்டு செம்பு நல்ல தண்ணீர் விட்டு அலசினால் அந்தப் பிசுக்கு போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் தலை சீக்கிரம் காயாது. அவசரத்துக்கு ஈரத்தோடு கட்டிவிடாதீர்கள். ஈர முடி இழுத்தால் நீளும், சட்டென்று அறுந்தும் போகும். குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு வேர்ப்பக்கமாகக் காய வைத்தால் அடியிலிருந்தே எழும்பி நிற்கும்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். துணி சுற்றிய ரப்பர் இரண்டு, ஸ்லைடு நாலைந்து, விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு சின்ன கிளட்ச் கிளிப், வால் சீப்பு. பொட்டலம் கட்டுகிற வெறும் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். அவிழ்க்கும்போது முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஒரு காதின் மேல்நுனியிலிருந்து மறு காதின் மேல்நுனி வரை, பின்மண்டை வழியாகச் சீப்பு வாலால் கோடு எடுத்து முடியை மேல், கீழ் என்று பிரியுங்கள். மேல் பாதியை முதலில் கட்டவும். எந்த உயரத்தில்? மோவாயிலிருந்து காதின் மேல்நுனியைத் தொட்டு ஒரு சாய்கோடு போனால் அது பின்னுச்சியில் எங்கே முட்டுகிறதோ, அந்த இடம். அதற்கு மேலே போனால் உச்சிக்குடுமி ஆகிவிடும். கீழ் பாதியை முதல் கட்டுக்கு நேர் கீழே, இரண்டு விரற்கடை விட்டு இன்னொரு ரப்பரால் கட்டுங்கள். மேல் வால் கீழ்க் கட்டின் மேல் விழுந்து அதை மறைத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரே வால்தான் தெரியும், அதுவும் அடர்த்தியாக, முன்னைவிட நீளமாக.

கீழ்ப் பாதியைக் கட்டும்போது தலையைக் குனியக் கூடாது. குனிந்து கட்டினால் நிமிர்ந்ததும் பிடரி முடி தொளதொளவென்று பை போலத் தொங்கும். மோவாயைத் தூக்கி, முகத்தை மேலே பார்த்தபடி வாருங்கள்; நிமிரும்போது முடி தானாக விறைத்துக்கொள்ளும். ஒரு வாலோ இரண்டு வாலோ, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இனி உச்சி. ஒரு கையால் கட்டின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் உச்சி முடியைக் கிள்ளிக் கிள்ளி, நூல் கனத்துக்கு மட்டும் மேலே இழுங்கள். சீப்பை விட விரலே மேல், எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரியும். மெல்லிய முடிக்காரர்கள் கட்டுவதற்கு முன்பே உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடுத்து, வேரிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தொடங்கி வேரை நோக்கி மூன்று முறை சீவி, மேலாக்கில் மட்டும் வாரி மூடிக்கொள்ளலாம். நாலாவது முறை சீவினால் சிக்கு.

வால் இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் மேல் வாலை முன்னால் புரட்டி, ரப்பருக்கு அடிப்பக்கம் கிளட்ச் கிளிப்பின் பற்கள் ரப்பரைக் கவ்வும்படி மாட்டுங்கள். வாலைத் திரும்ப விட்டால் கிளிப் மறைந்து, வால் வெளியே எழும்பி விழும். முடி குறைவாக இருந்தால் கிளிப் எட்டிப் பார்க்கும். அவர்கள் இரண்டு ஸ்லைடைக் கீழிருந்து மேலாக, ரப்பருக்குள் நிமிர்த்திச் செருகினால் போதும். சவுரி வைக்கிறவர்கள் அதைக் கீழ்க் கட்டில் வையுங்கள். மேல் கட்டில் வைத்தால் அதன் பாரமே எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

பூவும் அப்படித்தான். தஞ்சாவூர் கதம்பமோ மல்லிகையோ, ஒரு முழத்துக்கு மேல் இந்தக் கட்டு தாங்காது. வாலில் சுற்றாமல், இரண்டு கட்டுகளுக்கும் நடுவில் அரைவட்டமாக வைத்து, நாரை ஸ்லைடால் தலைமுடியோடு குத்துங்கள்.

நெற்றியோரம் விண்ணென்று வலித்தாலோ, புருவம் மேலே இழுபட்டாலோ கட்டு இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள். தினமும் இப்படி இழுத்துக் கட்டினால் நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி கொட்டத் தொடங்கும், நாள்பட்டால் அங்கே திரும்ப முளைக்காமலும் போகலாம். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாழப் பின்னிக்கொள்ளுங்கள். அவிழ்க்கும்போது முதலில் கிளிப், அப்புறம் கீழ் ரப்பர், கடைசியில் மேல் ரப்பர். எதிர்வாக்கில் சீவிய இடத்தை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி வாருங்கள்.