பருவுக்கு க்ரீம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு

சேலம் அம்மாபேட்டையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஸ்கூல் விட்ட நேரத்தில், கடையில் வேறு ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டு, "அக்கா, பிம்பிள்ஸ் போறதுக்கு ஏதாச்சும் க்ரீம் குடுங்க" என்று சன்னக் குரலில் கேட்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கவுன்டரில் நின்று இவ்வளவும் பேச முடிவதில்லை.

முதலில் எதைத் தடவக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுத்த மாதிரி தெரியும். அதை நம்பித் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், வெயில் பட்டாலே எரியும், பூனை முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். இப்படிப்பட்ட க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசே உத்தரவு போட்டது. கோபித்துக்கொண்டு போனாலும் சரி, நான் தர மாட்டேன் கண்ணு. ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவியிருந்தால், நிறுத்துவதற்கும் டாக்டரிடம்தான் வழி கேட்க வேண்டும்.

பரு எப்படி வருகிறது என்றால், தோலுக்கடியில் சுரக்கும் எண்ணெய் வெளியே வரும் துவாரத்தை இறந்த செல்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. இன்று தெரியும் பரு பல வாரம் முன்பே உள்ளே தொடங்கியது. அதனால் எந்த மருந்துக்கும் 8 முதல் 12 வாரம் கொடுக்க வேண்டும். பத்து நாளில் ட்யூபை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது.

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் நல்லது. அதிக சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். துணியில் பட்டால் சாயம் போய்விடும். பழைய வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள். துவாரம் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் அடாபலீன் மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தால் ராத்திரியில், பட்டாணி அளவு, முகம் முழுக்க. பரு மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். முதல் சில வாரம் தோல் உரியும், பயப்படாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, மாய்ஸ்சரைசர் போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அடாபலீன் கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும். ஏற்காடு ஹாஸ்டல் பிள்ளைகள் "மேல குளிர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கூடுதல்.

மாம்பழ சீசன் வந்தால் வீட்டில் எல்லோரும் பழத்தைத்தான் திட்டுவார்கள், சூடு என்று. மல்கோவா தின்றதால் பரு வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. காம்புப் பால் பட்டு வாயைச் சுற்றி வருவது வேறு, அது அரிப்பும் புண்ணும். பழத்தைக் கழுவித் தின்றால் பெரும்பாலும் வராது. நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாக வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். எலுமிச்சைச் சாறும் பல் தேய்க்கும் பேஸ்ட்டும் தோலைப் புண்ணாக்கும்.

கிள்ளாதீர்கள். நகம் பட்டால் தழும்பு விழ வாய்ப்பு கூடும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வருவதைக் கட்டாயம் தொடக் கூடாது; அங்குள்ள ரத்தக்குழாய்கள் மூளைப் பக்கத்தோடு தொடர்புள்ளவை. அபூர்வம்தான், ஆனாலும் ஆபத்து.

உள்ளே கட்டி கட்டியாக வலித்தால், குழி விழுந்தால், மாதவிடாய் தள்ளிப்போய்த் தாடையில் முடியும் வந்தால், கடையில் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். இந்த முகத்தோடு வெளியே வரவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலும் அதுவே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம். காசு இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கிப் போகலாம். இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், திட்டு விழும் என்று ஒன்றையும் ஒளிக்காமல்.